ஆசரிப்புக் கூடாரம் மாடல் செட்: கூடாரம் இருக்கு, பாளயத்தக் காணோம்

ஆசரிப்புக் கூடாரம்னா மோசே காலத்துல இஸ்ரவேல் ஜனங்க வனாந்தரத்துல ஆண்டவருக்காகப் போட்ட கூடாரம், அதச் சுத்தி ஜனங்க தங்குன எடம்தான் பாளயம். சண்டே கிளாஸ் புள்ளைங்களுக்கு கையில தொட்டுப் பாக்கற மாதிரி ஏதாவது வேணும்னு தேடுனப்போ ஆன்லைன்ல கெடச்சது இந்த செட். வெல 138 ரிங்கிட், மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்டுக்கு போஸ்டேஜ் தனி. கடை பேரு சொல்லல, ஏன்னா இதே செட்ட நாலஞ்சு பேரு வேற வேற பெட்டியில போட்டு விக்கறாங்க, உள்ள இருக்கறது ஒன்னுதான்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், அளவு சுத்தமா இருக்கு. பிராகாரம் அரை மீட்டர் நீளம், அதுல பாதி அகலம், 100 முழத்துக்கு 50 முழம்னு பைபிள்ல யாத்திராகமத்துல இருக்குல்ல அந்த கணக்கு அப்படியே வருது. கூடாரம் 30 முழத்துக்கு 10, வாசல் கிழக்கப் பாத்து. வெண்கலப் பலிபீடம், தொட்டி, உள்ள போனா வடக்குப் பக்கம் சமுகத்தப்ப மேசை, தெக்குப் பக்கம் ஏழு அகல் குத்துவிளக்கு, தூபபீடம், திரை, திரைக்குப் பின்னாடி உடன்படிக்கைப் பெட்டி. அந்தப் பெட்டி ஒன்னேகால் சென்டிமீட்டர்தான் இருக்கும், அதுலயும் கேருபீன்ங்கற தேவதூதர் ரெண்டும் செட்டைய விரிச்சு, பெட்டியோட மூடியான கிருபாசனத்தப் பாத்த மாதிரியே செஞ்சிருக்காங்க. மேல போடற மூடுசீலை நாலும் தனித்தனியா கழட்டலாம். தங்கப் பெயிண்ட் கொஞ்சம் ஓவர் பளபளப்பு, பரவால்ல.

ஆனா காசு மிச்சம் புடிச்ச எடம் ஒன்னு இருக்கு பாருங்க. கூடாரச் சுவரோட 48 பலகையும் நிக்க ஒவ்வொன்னுக்கும் ரெண்டு வெள்ளிப் பாதம், அதோட திரைத் தூண் நாலுக்கு நாலு, ஆக மொத்தம் 100 பாதம். இவங்க சுவர ஒரே பிளாஸ்டிக்கா ஊத்தி அடியில சாம்பல் கலர்ல ஒரு கோடு போட்டு விட்டுட்டாங்க. சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, அந்த வெள்ளி எங்கேர்ந்து வந்துச்சு? 603550 ஆம்பளைங்க தலைக்கு அரைச் சேக்கல் (அந்தக் கால வெள்ளி எடை) குடுத்தது. பணக்காரன் அதிகமா குடுக்கக் கூடாது, ஏழை கொறைக்கக் கூடாதுன்னு கட்டளை. அதாவது ஆண்டவரோட வீடு மொத்தமும் எல்லாரும் சமமா குடுத்த காசு மேலதான் நிக்குது, அத ஒரு கோட்டுல முடிச்சா எப்படி.

சரி, பெரிய கம்ப்ளைன்டுக்கு வரேன். இந்த செட்டுல பாளயமே இல்ல! கூடாரம், வேலி, ஒரு பிரதான ஆசாரியர் பொம்மை, சுத்தி வெறும் மஞ்சள் அட்டை மணல். மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்தக் கூடாரத்துக்கு ஆண்டவர் மோசேகிட்ட சொன்ன நோக்கமே "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண" ஒரு பரிசுத்த ஸ்தலம் உண்டாக்கணும்னுதான், யாத்திராகமம் 25:8. நடுவுல இருக்கறதுக்கு சுத்தி ஜனம் வேணும்ல? எண்ணாகமம் 2-ல எடம் உட்பட சொல்லிருக்கு, கெழக்க யூதா, இசக்கார், செபுலோன், தெக்கால ரூபன், சிமியோன், காத், மேக்கால எப்பிராயீம், மனாசே, பென்யமீன், வடக்கால தாண், ஆசேர், நப்தலி. உள் வட்டத்துல கூடார வேலை பாக்கற லேவியர், வாசலுக்கு நேரா மோசே ஆரோன் குடும்பம். இத விட்டுட்டு கூடாரத்த மட்டும் காட்டுனா புள்ளைங்க மனசுல அது ஒரு தங்க ரூம்னுதான் பதியும்.

அதனால நாங்களே மைலோ பெட்டி, பழைய காலண்டர் அட்டை எல்லாம் வெட்டி 12 கோத்திரத்துக்கும் கூடாரம் செஞ்சோம். மேசை பத்தல, சபை ஹால் தரையிலதான் பரப்புனோம். அப்ப ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டிப் பழகுன ஒரு தாத்தா வந்து ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "ஏம்மா, எங்க காலத்துல எஸ்டேட் தொர பங்களா மேட்டுல, நாங்க கீழ வரிசை வீட்டு லயத்துல. ஆண்டவரு பங்களா வேணாம்னு லயத்து நடுவுலயே வந்து குடியேறிட்டாரா?"ன்னு கேட்டாரு. இந்தப் புள்ளைங்க லயத்தப் பாத்ததே இல்ல, எல்லாம் தாமான் (டவுன் குடியிருப்பு) வீட்டுல பொறந்ததுங்க, அதனால தாத்தாவே உக்காந்து வெளக்குனாரு, நான் தயார் பண்ண பாடத்த விட அது நல்லா இருந்துச்சு.

ஒரு வாலு உடனே, "தாத்தா, நடுவுல இருக்காரு சரி, அப்பறம் ஏன் இவ்ளோ வேலி, இவ்ளோ திரை?"ன்னுச்சு. நல்ல கேள்வி. கிட்ட வந்துட்டாரு, ஆனா பரிசுத்தம் கொறஞ்சிடல, அதனால திரைக்குப் பின்னாடி இருக்கற மகாபரிசுத்த ஸ்தலத்துக்குள்ள பிரதான ஆசாரியர் மட்டும், அதுவும் வருஷத்துல ஒரு நாள் பாவநிவாரண நாள்ல, ரத்தத்தோடதான் போவாரு. பின்னாடி இதே மாதிரி தேவாலயத்துல தொங்குன திரை மேலேர்ந்து கீழ வரைக்கும் ரெண்டா கிழிஞ்சது இயேசு சிலுவையில ஜீவன விட்டப்போதான். இங்கதான் செட்டோட இன்னொரு கோளாறு, திரைய தூணுல பசை போட்டு ஒட்டச் சொல்லி கைடுல இருக்கு. ஒட்டாதீங்க! வெள்ள நூல்ல கட்டித் தொங்கவிட்டா அந்தப் பாடம் வரும்போது புள்ளைங்கள விட்டே கழட்ட வைக்கலாம்.

கைடு புக்கு இங்கிலிஷ்ல மட்டும், தமிழும் இல்ல மலாயும் இல்ல, அதுவும் லேவியராகமத்தோட நின்னு போச்சு. வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார்னு இயேசுவப் பத்திச் சொல்ற யோவான் 1:14 வரைக்கும் வரலன்னா கூடாரம் எதுக்கு? வெளிப்படுத்தல் 21-ம் சேக்கணும், புது எருசலேம் நீளம் அகலம் உயரம் எல்லாம் சமம்னு 16-ஆம் வசனம், நம்ம மாடல்ல மகாபரிசுத்த ஸ்தலமும் மூனு பக்கமும் 10 முழம்தான், புள்ளைங்க ஸ்கேல் வச்சு அளந்து பாக்கலாம். அந்த நகரத்துல தேவாலயமே இல்லன்னும் அங்கயே இருக்கு, முழு ஊருமே அவரு வாழற எடம் ஆயிடுச்சு. மாடல்ல அஞ்சு சென்டிமீட்டர் ரூம காட்டிட்டு இதச் சொன்னா பெரியவங்களே கொஞ்சம் அசந்துடறாங்க.

அஞ்சுக்கு மூனு ஸ்டார். அட்ட வெட்ட ஆளு இருக்கற சபைன்னா வாங்கலாம், பெட்டியத் தொறந்து அப்படியே பாடம் எடுக்கணும்னா வேணாம். பேர் ஸ்டிக்கர தமிழ்ல நீங்களே எழுதி ஒட்டிக்குங்க. பிராகாரத்துத் தூண்ல சின்னச் சின்ன கொக்கி இருக்கு, வாய்ல வெக்கற வயசுப் புள்ளைங்ககிட்ட குடுத்துடாதீங்க.