கேட்டலாகா, சைடுகாரா, லேயரா? மூலப்படத்தில் கை வைக்காத நான்கு வழிகள்

மூலப்படத்தைக் கெடுக்காமல் எடிட் செய்யலாம் என்று இப்போது எல்லா மென்பொருளும் சொல்கின்றன. பொய்யில்லை. ஆனால் நாம் செய்த திருத்தம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி. லைட்ரூம் கிளாசிக் தன் கேட்டலாகில், அதாவது எல்லாப் படங்களுக்குமான பொதுப் பதிவேட்டில், எழுதி வைக்கிறது. டார்க்டேபிள் படத்துக்குப் பக்கத்திலேயே 'சைடுகார்' என்ற ஒரு சின்ன ஃபைலில் எழுதுகிறது. போட்டோஷாப்பும் கிம்ப்பும் தங்கள் சொந்த ஃபைலுக்குள் வைத்துக்கொள்கின்றன. எதில் எத்தனை ஸ்லைடர் என்று பார்ப்பதை விட்டு, முதலில் இதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

லைட்ரூம் 2007-இல் வந்தது. அதன் கேட்டலாக் ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளம். கல்யாண சீசன் முழுவதும் எடுத்த படங்களை ஒரே இடத்தில் வைத்து, லென்ஸ் வாரியாக, தேதி வாரியாக, நட்சத்திரம் வாரியாகச் சலித்தெடுப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆளை, வானத்தை, உடையைத் தானே பிரித்து, அந்தப் பகுதியை மட்டும் திருத்த மாஸ்க் போடும் வசதியும் அவசர வேலைக்குப் பெரிய உதவி.

சிக்கல் கேட்டலாகிலேயே இருக்கிறது. படத்தோடு எக்ஸ்எம்பி (XMP) என்ற திருத்தக் குறிப்பு ஃபைலையும் எழுதச் சொல்லும் அமைப்பு, நாமாகப் போய் இயக்கினால்தான் வேலை செய்யும். இயக்கினாலும் எல்லாம் அதில் போகாது. விர்ச்சுவல் காப்பிகள், கலெக்‌ஷன்கள், படிப்படியான ஹிஸ்டரி எல்லாம் கேட்டலாகில் மட்டுமே. ஒரே படத்துக்குக் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று வைத்திருந்து கேட்டலாக் போய்விட்டால், இரண்டில் ஒன்று போனது போனதுதான். இன்னொன்று: லைட்ரூம் வெளியேறும்போது கேட்கிற 'பேக்கப்' கேட்டலாகுக்கு மட்டும். படங்களை நாம்தான் தனியாக நகலெடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

டார்க்டேபிளில் கணக்கு தலைகீழ். அதற்கும் ஒரு தரவுத்தளம் உண்டு. ஆனால் திருத்தத் திருத்த, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எக்ஸ்எம்பியைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வரும். முழு ஹிஸ்டரியும் அதில் இருக்கும். கூடுதல் பிரதி போட்டால் '_01' என்று பெயரில் சேர்த்து இன்னொரு எக்ஸ்எம்பி. ஆகவே கம்ப்யூட்டரே மாறினாலும், ஃபோல்டரை அப்படியே கொண்டுபோய் இம்போர்ட் செய்தால் திருத்தங்கள் கூடவே வந்துவிடும். பழைய மாட்யூல்களை, அதாவது திருத்தும் கருவிகளை, பட்டியலிலிருந்து ஒதுக்கினாலும் உள்ளே விட்டுவைக்கிறார்கள். அதனால் முன்பு திருத்திய படம் புதுப் பதிப்பிலும் பழையபடியே திறக்கும்.

இரண்டு எக்ஸ்எம்பியையும் நோட்பேடில் திறந்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். லைட்ரூமுடையதில் 'எக்ஸ்போஷர்2012' என்ற பெயரும் எதிரே '+0.70' என்ற மதிப்பும் மனிதர் படிக்கிறபடி நிற்கும். டார்க்டேபிளுடையதில் மாட்யூலின் பெயர் தெரியும், மதிப்புகள் மட்டும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளச் சரம். இந்த ஒரு விஷயத்தில் ராதெரபி என்ற இன்னொரு மென்பொருள் கெட்டிக்காரன். திருத்தங்களை எழுதும் அதன் பிபி3 ஃபைல் சாதாரண உரைதான், கையாலேயே மாற்றலாம்.

டார்க்டேபிள் கற்க நாளாகும், மறைக்க ஒன்றுமில்லை. கிராஃபிக்ஸ் கார்டு துணையில்லாத கம்ப்யூட்டரில் சில மாட்யூல்கள் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆனால் மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் அரக்குப் பட்டு ஆரஞ்சாகத் தெரிகிறதா? பாராமெட்ரிக் மாஸ்க்கில் அந்த நிறச் சாயலை மட்டும் பிடித்து, முகத்தைத் தொடாமல் புடவையை மீட்கலாம். வாரம் கழித்து வாடிக்கையாளர் 'இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேண்டும்' என்றால் அந்த ஒரு ஸ்லைடரைத் தொட்டால் போதும்.

இனி லேயர் (படத்தின் மேல் தாள் போல அடுக்கும் அடுக்கு) கட்சிக்காரர்கள். போட்டோஷாப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழிருக்கும் படத்தைத் தொடாமல் நிறம், வெளிச்சம் மாற்றும் அடுக்கு) 1996-இலேயே வந்துவிட்டது; ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கும் லேயர்) 2005-இல், ஸ்மார்ட் ஃபில்டர் 2007-இல். கிம்ப், திரும்ப மாற்றக்கூடிய ஃபில்டருக்கு 2025 மார்ச்சில் வந்த 3.0 வரை காத்திருக்க வைத்தது. இப்போது கர்வ்ஸ் போட்டால் லேயருக்குப் பக்கத்தில் 'எஃப்எக்ஸ்' குறி வரும். அதைத் தட்டினால் போட்ட ஃபில்டர்களின் பட்டியல்: கண் குறியில் மறைக்கலாம், மேலே கீழே நகர்த்தலாம், திறந்து மதிப்பை மாற்றலாம். கிம்ப்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்தால் அத்தனையும் நிலைக்கும். ஃபில்டர் சாளரத்தின் அடியில் 'மெர்ஜ் ஃபில்டர்' என்ற டிக் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்திருந்தால் திருத்தம் பழையபடி பிக்சலிலேயே இறங்கிவிடும்.

ஆனாலும் 3.0-இல் தனி அட்ஜஸ்ட்மென்ட் லேயர் கிடையாது. ஃபில்டரை ஒரு லேயரிலோ லேயர் குழுவிலோ மாட்டத்தான் முடியும். பிரஷ், குளோன் எல்லாம் பிக்சலை நேரடியாக மாற்றுபவை. பருவை அழிப்பதற்கு மேலே வெற்று லேயர் ஒன்று போட்டு, குளோனில் 'சாம்பிள் மெர்ஜ்டு' வைத்துச் செய்வதுதான் வழி.

பெரிய வித்தியாசம் ரா படத்தை (கேமரா பதிவு செய்த பதப்படுத்தாத மூலத் தரவை) உள்ளே கொண்டுவருவதில். 'கேமரா ரா' என்ற ரா திருத்தும் பகுதியிலிருந்து ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகப் போட்டோஷாப்பில் திறந்தால், லேயரை இரட்டைக் கிளிக் செய்து எப்போது வேண்டுமானாலும் ரா ஸ்லைடர்களுக்குத் திரும்பலாம். கிம்ப் ரா படத்தை டார்க்டேபிளிடமோ ராதெரபியிடமோ ஒப்படைக்கிறது. அங்கே திருத்தி முடித்தால் கிம்ப்புக்கு வருவது வெறும் பிக்சல்தான். வெள்ளைச் சமநிலை தப்பியது பிறகு தெரிந்தால் முதலிலிருந்து வர வேண்டும். இந்த இடத்தில் போட்டோஷாப்புக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வட்டில் இடமாகவும் விலை கொடுக்க வேண்டும்: ராவையே உள்ளே வைத்துக்கொள்வதால் ஃபைல் வீங்கும், போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலின் எல்லையோ 2 ஜிபி.

லைட்ரூமுக்குக் கட்டும் சந்தா நின்றால்? லைட்ரூம் கிளாசிக் கதவைச் சாத்திவிடாது. படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். திருத்தம் செய்யும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டப்படும்.

தனி ஆளாக, பொழுதுபோக்குக்காக ராவில் எடுப்பவர்களுக்கு நான் டார்க்டேபிளைத்தான் சொல்வேன். நான்கைந்து பேர் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்ந்த ஜோடி. போஸ்டர், யூடியூப் தம்ப்நெயில் வேலைக்குக் கிம்ப் 3 தாராளமாகப் போதும்.

நடுவில் மாறலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைட்ரூமின் எக்ஸ்எம்பியிலிருந்து கிராப், எக்ஸ்போஷர் மாதிரி சிலவற்றை மட்டும் டார்க்டேபிள் தோராயமாக எடுத்துக்கொள்ளும். டார்க்டேபிளின் திருத்தத்தை லைட்ரூம் படிக்கவே படிக்காது. அதனால் வீடு மாறுவதற்கு முன், முடித்த படங்களை 16-பிட் டிஃப் (TIFF) ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து ரா படங்களோடு அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.