விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒரே வீட்டில்: எஸ்எம்பியா, என்எஃப்எஸ்ஸா, எஸ்எஃப்டிபியா?

மூன்று கணினிகளும் ஒரே ரவுட்டரில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றின் ஃபோல்டர் இன்னொன்றில் திறக்கவில்லை. நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி, என்எஃப்எஸ், எஸ்எஃப்டிபி என்று மூன்று முறைகள் உண்டு; ஆனால் உடனே பகிரும் முறையை மாற்றிவிடாதீர்கள். முதலில் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு ஒரு பிங் (அந்தக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்துப் பாருங்கள். (எதிர்த்திசையில் விண்டோஸ் ஃபயர்வாலே பிங்கைத் தடுத்திருக்கலாம்.) பதில் வராவிட்டால், ஏதாவது ஒரு கணினி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் அதைத் தனியாகப் பிரித்துவைத்திருக்கும்.

பிங் சரி என்றால் என் தேர்வு எஸ்எம்பிதான். விண்டோஸிலும் மேக்கிலும் அது கூடவே வருகிறது. லினக்ஸில் எஸ்எம்பி பேசவைக்கும் சம்பா என்ற மென்பொருளை நிறுவினால் போதும். மேக்கும் 2013 முதல் எஸ்எம்பியையே முதன்மையாக வைத்திருக்கிறது. இதில் தகராறு நிறைய வரும், ஆனால் திரும்பத் திரும்ப அதே நாலைந்து தகராறுகள்தான்.

நெட்வொர்க் பட்டியலில் லினக்ஸ் கணினி தெரியவில்லையா? விண்டோஸ் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல ஐபி முகவரியை நேரடியாகக் கொடுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து, கமாண்ட்-கே அழுத்தி, அந்த ஐபி முகவரியைக் கொடுங்கள். திறந்துவிட்டால் பகிர்வில் கோளாறு இல்லை, கண்டுபிடிக்கும் சேவைதான் இல்லை. விண்டோஸ் கண்ணில் பட லினக்ஸில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறிய சேவை வேண்டும்; மேக்குக்கு அவாஹி. முகவரி மாறிக்கொண்டே இருந்தால் ரவுட்டரில் அதை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்றால்? விண்டோஸில் நுழையப் போடும் பின் எண் இங்கே செல்லாது, கணக்கின் முழுக் கடவுச்சொல்தான் வேண்டும். சம்பாவோ தனக்கென்று தனிக் கடவுச்சொல் பட்டியல் வைத்திருக்கிறது. லினக்ஸில் பயனர் இருந்தாலும் அதில் தனியாகச் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத பகிர்வை விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பிலிருந்து இயல்பாக ஏற்பதில்லை.

நெட்வொர்க்கில் இணைத்த பழைய சேமிப்புப் பெட்டி, எஸ்எம்பியின் முதல் பதிப்பான எஸ்எம்பி1 மட்டும் பேசினால், தயவுசெய்து அதற்காக விண்டோஸில் எஸ்எம்பி1ஐத் திரும்ப இயக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள்.

என்எஃப்எஸ், லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே அருமையானது. கலவையான வீட்டில் அது படுத்தும். வழக்கமான அமைப்பில் அது பெயரையும் கடவுச்சொல்லையும் பார்ப்பதில்லை, பயனர் எண்ணை அப்படியே நம்பிவிடும். மேக்கின் முதல் பயனர் 501, உபுண்டுவில் 1000. ஆள் ஒருவரே என்றாலும் அதன் கணக்கில் இருவர், அதனால் ஃபோல்டர் திறக்கும், எழுத விடாது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் என்எஃப்எஸ் வசதியே கிடையாது.

எஸ்எஃப்டிபிக்கு 22ஆம் போர்ட் (நெட்வொர்க் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) ஒன்று திறந்திருந்தால் போதும். மேக்கில் ரிமோட் லாகினை இயக்கினால் வேலை முடிந்தது; விண்டோஸில் எஸ்எஃப்டிபியைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் சர்வரைக் கூடுதல் வசதியாகச் சேர்க்கலாம். தினமும் ஃபோல்டரைத் திறந்துவைத்து வேலை செய்ய நான் இதைச் சொல்ல மாட்டேன். எப்போதாவது கோப்பு அனுப்ப நம்பகமானது. கோளாறு தேடவும் இது நல்ல கருவி. அதே கணினியில் எஸ்எஃப்டிபி நுழைந்து எஸ்எம்பி நுழையவில்லை என்றால், கேபிளையும் ரவுட்டரையும் விட்டுவிட்டு, ஃபயர்வாலில் எஸ்எம்பிக்கான 445ஆம் போர்ட்டையும் சம்பாவின் பயனர் பட்டியலையும் பாருங்கள்.