நீலப் பெட்டியா, குப்பைத் தொட்டியா?

முன்பின் தெரியாத நிரல் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி விண்டோஸில் திறந்து பாருங்கள். விண்டோஸின் வாசல் காவலாளியான ஸ்மார்ட்ஸ்கிரீன் ஒரு நீலப் பெட்டியோடு வழிமறிக்கும். அதிலுள்ள ஒரே பொத்தான் ‘இயக்க வேண்டாம்’ என்பதுதான். ஆனால் பக்கத்திலேயே ‘மேலும் தகவல்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் தொட்டால் ‘எப்படியும் இயக்கு’ முளைத்துவிடும். இரண்டே சொடுக்கு. எந்த வீட்டுப் பையனுக்கும் இந்தச் சந்து தெரியும்.

ஆப்பிளின் மேக் கணினியிலும் இப்படி ஒரு சந்து இருந்தது: கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் போதும். 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில் அதை அடைத்துவிட்டார்கள். ஆப்பிளின் பரிசோதனைக்குப் போகாத நிரல் என்றால் மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் தருவது ‘முடிந்தது’, ‘குப்பைக்கு அனுப்பு’ இரண்டும்தான். திறந்தே தீர வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போய், பாதுகாப்புப் பக்கத்தின் அடிவரை இறங்கி, அனுமதி கொடுத்து, கடவுச்சொல்லையும் தட்ட வேண்டும். அந்த அலைச்சலுக்குள் பாதிப் பேருக்குப் புத்தி தெளிந்துவிடும். வாசல் காவலில் என் ஓட்டு மேக்குக்கே.

உள்ளே நுழைந்துவிட்டால் கதை வேறு. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் உள்ள கோப்புகளுக்கு ‘இணையத்தில் இறக்கியது’ என்ற குறி பெரும்பாலும் இருக்காது. அந்தக் குறியைப் பார்த்துத்தான் நீலப் பெட்டி வரும்; அது இல்லாவிட்டால் வாயே திறக்காது. அங்கே விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டரின் ஸ்கேன்தான் கைகொடுக்கிறது. பழைய விண்டோஸ் விஸ்டா காலத்தில் உளவு நிரல்களை மட்டும் துரத்திய இது, 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் முழு ஆன்டிவைரஸ் ஆனது. எதைப் பிடித்தது, என்ன செய்தது என்று கணக்கும் காட்டும். மேக்கோடு வரும் ஆன்டிவைரஸான எக்ஸ்ப்ரொடெக்ட் 2009 முதல் இருக்கிறது என்றாலும் ஊமை; அதற்கென்று ஒரு சன்னல்கூடக் கிடையாது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராகவும் டிஃபெண்டரில் ஒரு பூட்டு உண்டு. 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது. நம்பகமற்ற நிரல் எதுவும் ஆவணங்கள், படங்கள் கோப்புறைகளில் கைவைக்க முடியாது. பூட்டைக் கொடுத்தவர்கள் அதைத் திறந்தே வைத்துத்தான் கொடுக்கிறார்கள்! நாமேதான் போட வேண்டும். போட்டதும் சில பழைய நிரல்கள் சேமிக்க முடியாமல் முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றாக அனுமதிக்க ஒரு சாயங்காலம் போகும். கல்யாணப் படங்கள் அந்தக் கணினியில் இருந்தால் போகட்டும்.

காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ்? அது வந்ததும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். சித்தப்பாவின் மடிக்கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி எட்டு மாதம். ‘ஆபத்து’ என்று தினமும் வந்த பெட்டியை, நாட்காட்டித் தாளைக் கிழிப்பதுபோல் காலையில் மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கியதும் டிஃபெண்டர் தானாக எழுந்து உட்கார்ந்தது. புதுப்பிக்க எடுத்துவைத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, படங்களை நகலெடுத்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கச் சொன்னேன்.

“அதற்கும் வருஷா வருஷம் கட்ட வேண்டுமா?” என்றார்.