தீ வரைய வாங்கிய பேனாத் திரை: நான்கு வருடம் கழித்து

முன்பு என்னுடன் வேலை பார்த்த தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற அதே டேப்லெட் இப்ப ஏழாயிரம் ரூபாய் குறைஞ்சிருக்கு. எஃபெக்ட்ஸ் வேலைக்குத்தான். வாங்கலாமா?" இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட அன்றுதான் அதை ரிப்பேர் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தால் நிற்காது என்று தெரிந்ததால் எழுதியே விடுகிறேன். கம்ப்யூட்டரோடு இணைத்து, திரைமேலேயே பேனாவால் வரையும் டேப்லெட் அது. பிராண்ட் பெயர் வேண்டாம். அவனுக்குத் தெரியும், அது போதும்.

திரை எத்தனை அங்குலம், எத்தனை பட்டன் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. மொபைல் கேம்களுக்கு எஃபெக்ட்ஸ் வரைவது என் பிழைப்பு. அதில் பாதிக்கு மேல் தீ. கோட்டைச் சுவரில் பந்தம், கவிழ்ந்து எரியும் லாரி, மந்திரவாதி கையில் நெருப்புப் பந்து. ஆகவே எந்த டேப்லெட்டைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இதில் சுடரின் நுனி வருமா?

8192 அழுத்த நிலைகள் (கையின் அழுத்தத்தைப் பேனா எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்பது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். தீ வரைகிறவனுக்கு அந்த 8192-இல் மேல்பக்கம் இருப்பது பெரிதாக உதவாது. பேனா திரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது நடப்பதுதான் முக்கியம். சுடரின் அடிப்பகுதியை எப்படி வேண்டுமானாலும் அப்பலாம். நுனி அப்படியல்ல. மணிக்கட்டைக் கீழிருந்து மேலே சுண்டிவிட வேண்டும்; கோடு போகப் போக மெலிந்து, எங்கே முடிந்தது என்று கண்ணுக்கே தெரியாமல் கரைய வேண்டும். என் பேனாவில் அது கரையாது, வெட்டுப்படும். எல்லா நுனியும் கத்தரியால் நறுக்கியதுபோல் மொட்டையாக நிற்கும். தீ என்று தொடங்கினால் வாழைப்பூ இதழாக முடியும்.

முதல் வருடம் முழுக்க என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அம்மா மைதா அளக்கும் எடைத் தராசை எடுத்துவந்து, அதன்மேல் டேப்லெட்டை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாக அழுத்திக்கொண்டே போனேன். திரையில் முதல் புள்ளி விழும்போது தராசு காட்டியது 12 கிராம். நண்பர் ஒருவரின் பழைய டேப்லெட்டைக் கடன் வாங்கி அதே சோதனையைச் செய்தேன். 2 கிராமிலேயே கோடு விழுந்தது. நாலைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். 12 கிராம் என்பது என்ன பெரிய கனம் என்று தோன்றும். ஆனால் அதற்குக் கீழே கை செய்யும் எதுவும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருவதே இல்லை. டேப்லெட்டோடு வரும் டிரைவர் மென்பொருளில் அழுத்த வளைவை, அதாவது எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு கோடு என்ற வரைபடத்தை, இழுத்து இழுத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். அந்த வளைவு, பேனா உணர்ந்ததைத்தான் மாற்றும். உணராததை எங்கிருந்து கொண்டுவரும்? இந்த ஒரு எண்ணை எந்தப் பெட்டியிலும் போடாமல் 8192-ஐ மட்டும் ஏன் போடுகிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் ஏறும்.

மற்றவர்கள் இந்த மாடலைத் திட்டும் காரணம் வேறு. ஆரஞ்சு நிறம் கொஞ்சம் சிவந்து தெரிகிறது, போனில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது என்பார்கள். உண்மைதான். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, ஏனென்றால் நான் தீயை நிறத்தில் வரைவதில்லை. வெறும் கறுப்பு, சாம்பல், வெள்ளை. சுடருக்குள் மஞ்சளாக ஒளிர்வது கரித்துகள். சூடேறிய இரும்பு ஒளிர்கிறதே, அதே கணக்கு. 500 டிகிரியைத் தாண்டும்போது மங்கிய சிவப்பு, அதற்கு மேல் ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள். துகள் மேலே போய் ஆறினால் மறுபடி சிவந்து, இருண்டு, புகையாகிவிடும். அதாவது எங்கே எவ்வளவு வெளிச்சம் என்று சரியாகப் போட்டுவிட்டால் நிறம் தானாகப் பின்னால் வரும். கேம் என்ஜினில் ஒரு நிறப்பட்டை வைத்து, இந்தச் சாம்பலுக்கு இந்த நிறம் என்று ஷேடரில் (பிக்சலுக்கு நிறம் போடும் சின்ன நிரலில்) மாற்றிக்கொள்ளலாம். பந்தம் வேண்டுமா, பச்சைப் பேய்த் தீ வேண்டுமா, பட்டையை மட்டும் மாற்றினால் போதும். 1995-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டூம் விளையாட்டில் வானம் எரியும். அதுவும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 37 நிறங்கள் கொண்ட ஒரு பட்டைதான். அடியில் மட்டும் வரும் நீலம் கரித்துகள் வேலையல்ல. அதற்குத் தனி லேயர், கொஞ்சமாக.

சாம்பலில் வரைகிறவனுக்கு நிறம் பிசகினால் கவலையில்லை. மெல்லிய சாம்பல் வராவிட்டால் செத்தான். இந்தப் பேனா வராமல் செய்தது சரியாக அதைத்தான்.

சரி, அதோடு நான்கு வருடம் எப்படி ஓட்டினேன்? வரைவதை நிறுத்திவிட்டு அழிக்க ஆரம்பித்தேன். கிரீட்டா என்ற வரையும் மென்பொருளில் 16 பிட் கோப்பு (8 பிட்டில் இருட்டுப் பக்கம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்), கறுப்புப் பின்னணி, அதன்மேல் ஒரு பெரிய வெள்ளைக் குமிழ். அதை அழிப்பானால் குடைந்துகொண்டே வருவேன். பக்கத்திலிருந்து காற்று புகும் இடத்தைக் குடைந்தால் சுடரின் இடுப்பு சிறுக்கும். நடுவில் ஓட்டை போட்டால் சுடர் இரண்டு நாக்காகப் பிரியும். நுனிக்கு மட்டும் பேனாவை நம்பாமல் போட்டதைத் தேய்த்துவிடும் ஸ்மட்ஜ் பிரஷ்ஷால் இழுத்துவிடுவேன். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிக் குடைந்த தீதான் நான் முன்பு வரைந்த எல்லாத் தீயையும்விட நன்றாக இருந்தது. கோடு போட்டு வரைந்தபோது தலைமுடி மாதிரி இழை இழையாக இருந்தது, குடைந்தபோது பருமன் வந்தது. தீக்குக் கனம் உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த ஓட்டைப் பேனாதான். அதற்காக அந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். கால் உடைந்ததால் நீச்சல் கற்றவன் உடைத்தவனுக்கு மாலை போடுவானா?

நியாயம் என்று ஒன்று இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். பேனாமேல் நான் போட்ட பழிகளில் பாதி பொய். பகல் காட்சியில் என் தீ மறைந்துபோகும். கோடு அழுத்தமாக விழவில்லை என்று பேனாவைத் திட்டினேன். காரணம் நான் வைத்திருந்த ஆடிட்டிவ் கலப்பு. அது பின்னணியோடு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பின்னால் இருப்பதே வெளுத்த வானம் என்றால் அதோடு கூட்ட என்ன இருக்கிறது? ப்ரீமல்டிப்ளைடு ஆல்பாவுக்கு மாறியதும் சரியாயிற்று. ஒரே டெக்ஸ்சரில் (கேமில் ஒட்டும் படத்தில்) சுடர் ஒளியைக் கூட்டும், புகை பின்னணியை மறைக்கும்.

அதைவிடப் பெரிய தவறு வேகம். ஊரில் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தியபோது போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துவந்து பார்த்தேன். ஓலை எல்லாம் எரிந்து தணலும் சுடருமாக அடியில் குவிந்த பிறகு, அது மூச்சுவிடுவது தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துக் காற்று உள்ளே இழுபடும், இடுப்பு சிறுக்கும், மேல்பகுதி உருண்டு திரண்டு கழன்றுகொண்டு தனியாக மிதந்து அணையும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தீயின் அகலத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 1.5-ஐ வகுத்தால் நொடிக்கு எத்தனை மூச்சு என்று ஏறக்குறைய வந்துவிடும். ஒரு மீட்டர் அகலத் தீ நொடிக்கு ஒன்றரை, கால் மீட்டர் தீ நொடிக்கு மூன்று. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் பெரிய தீக்கு ஒரு மூச்சு 16 ஃப்ரேம், சின்னதுக்கு 8. என் எரியும் லாரி அதுவரை அகல்விளக்கு வேகத்தில் படபடத்துக்கொண்டிருந்தது. பொம்மை லாரி மாதிரி இருக்கிறது என்று டீம் லீட் சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்குப் புரியவில்லை. இப்போது 2048 பிக்சல் சதுரப் படத்தை எட்டுக்கு எட்டாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஃப்ரேமாக 64 கட்டத்தில் பெரிய தீக்கு நான்கு மூச்சு, சின்னதுக்கு எட்டு. இரண்டும் கட்டத்தின் கடைசியில் சரியாக வந்து முடியும், லூப்பில் குதிக்காது.

வீட்டில் கற்பூரத்தையும் விடவில்லை. அதன் சுடர் நுனியில் கரி நூலாகக் கிளம்புவதைப் பார்த்தால் எந்தச் சாம்பல் எங்கே இருளாக வேண்டும் என்று தெரிந்துவிடும். "ஸ்வாமிக்கு ஏத்துறதை ஏன்டா மேசையில ஏத்திக் கரியாக்குற" என்று அம்மா கத்தியது தனிக் கதை. தராசு விஷயத்திலேயே அவருக்கு என்மேல் மனத்தாங்கல்.

ரிப்பேருக்கு வருவோம். மூன்று மாதமாக டைப்-சி வாய் ஆட்டம் கண்டு, கேபிளை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் திரை வரும் என்ற நிலை. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதிய டேப்லெட்டின் விலையில் பாதிக்கு மேல் ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு அண்ணன் பூதக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, வாயை மட்டும் மாற்றி 650 ரூபாய் வாங்கினார். அங்கேயே ஆன் செய்து காட்டினார். பழைய பேனாவின் பட்டனும் ஒடிந்திருந்ததால் ஆன்லைனில் புதுப் பேனாவும் வரவழைத்தேன். அதன் விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

ஆனால் அந்தப் பேனா. தராசில் அதே சோதனை: 4 கிராமிலேயே கோடு விழுந்தது. அதே டேப்லெட், அதே டிரைவர். முதல் முறையாகச் சுண்டிய கோடு கரைந்து போனது. இரவு இரண்டு மணி வரை காரணமே இல்லாமல் சுடர் வரைந்துகொண்டிருந்தேன். ஆக, இத்தனை நாள் என்னை வதைத்தது மாடலின் குறையா, எனக்கு வந்த அந்த ஒரு பேனாவின் குறையா? முதல் மாதமே மாற்றிக் கேட்டிருந்தால் வாரண்டியில் கொடுத்திருப்பார்களோ என்னவோ. கேட்காதது என் தப்பு. அந்த எண்ணை எங்குமே சொல்லாமல் விற்றது அவர்கள் தப்பு. இதில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் அவர்களுடையதுதான் என்பேன்.

மற்றபடி: மே மாதம் திரையின் இடது மூலை தோசைக்கல். கண்ணாடிக்கும் கோட்டுக்கும் இடைவெளி தெரியாது, அருமை. மேலே ஒட்டிய மேட் ஃபிலிம் நான் சுண்டும் இடத்தில் மட்டும் தேய்ந்துவிட்டது. அணைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் வழவழப்பாக ஒரு சுடர் தெரிகிறது. ஃபிலிமை மாற்ற மனம் வரவில்லை.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. இவ்வளவு நல்லதாகச் சொன்ன பிறகு ஏன் என்றால், பேனாவை விலைகொடுத்து இரண்டாம் முறை வாங்கிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. விலைதான் குறைந்திருக்கிறதே என்று வாங்கியே தீருவாய் என்றால் ஆன்லைனில் வேண்டாம், திரையைப் போட்டுக் காட்டும் கடைக்கே போ. அம்மாவின் தராசைப் பையில் போட்டுத் தருகிறேன். பில் போடுவதற்கு முன் அதன்மேல் டேப்லெட்டை வைத்துப் பேனாவை அழுத்திப் பார். 5 கிராமுக்கு மேல் போனால் வேறு பேனா எடுக்கச் சொல். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். தராசை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடு.