திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: வானில் முக்கால் மணி நேரமா, இரவு ரயிலா?

திருகோணமலையின் சீனன்குடா விமானத் தளத்திலிருந்து, கொழும்புக்கு வடக்கே சர்வதேச விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க நேர்கோட்டில் ஏறத்தாழ 207 கிலோமீற்றர். கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை விமான நிலையம் என்றால் 238. சாலை வழியே கொழும்புக்கு 260 கிலோமீற்றர் வரும். செஸ்னா காரவன் போன்ற சிறு விமானம் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால், கந்தளாய்க் குளத்தைத் தாண்டி, தம்புள்ளைக்குச் சற்று மேற்காகச் சென்று முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடும். பஸ்ஸுக்கு ஆறேழு மணி நேரம் வேண்டும். ரயிலுக்கு எட்டுக்கும் மேல்.

கட்டணத்தில் விமானம் பல மடங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பஸ்ஸை என் முதுகே நிராகரித்துவிட்டது.

அம்மாவின் கிளினிக்குக்காகக் கொழும்பு போகவேண்டி வந்தபோது, மிச்சம் இரண்டையும் எடைபோட்டு இரவு ரயிலைத் தெரிவுசெய்தேன். காரணம் எத்தனை மணி நேரம் என்பதல்ல, எந்த மணி நேரம் என்பதுதான். கிளினிக்கில் காலை எட்டு மணிக்கு முன் நம்பர் எடுத்தாக வேண்டும். நான் பார்த்த அட்டவணைகளில் விமானம் காலையில் கொழும்புப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, இங்கு வந்து, பிறகுதான் திரும்புகிறது. கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது தோதான நேரம், நமக்கல்ல. நகரத்திலிருந்து உட்துறைமுகத்தைச் சுற்றிச் சீனன்குடா போவது, விமானப்படை வளாகத்தின் வாயில் சோதனை, பொதியோடு ஆளையும் தராசில் ஏற்றுவது, இறங்கியபின் நெடுஞ்சாலையில் கொழும்புக்குள் நுழைவது எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். நண்பகலில் போய் இறங்கி, மறுநாள் காலைவரை அறை எடுத்துத் தங்க வேண்டும். ஆக, வேகமான பயணம்தான் ஒரு முழு நாளை விழுங்குகிறது.

இரவு ரயில் எடுத்துக்கொள்வதோ தூங்கும் நேரத்தை. கந்தளாய், கல்ஓயா சந்தி கடந்து மாகோ வரும்வரை அம்மா விழித்திருந்தார். அதன்பின் கீழ்ப் படுக்கையில் நன்றாகவே தூங்கினார். விடியுமுன் கொழும்புக் கோட்டை ரயில் நிலையம். முகம் கழுவி, தேநீர் குடித்து, ஆட்டோ பிடித்தும் வரிசையில் முன்னால் நின்றோம்.

ரயிலில் குறை இல்லாமல் இல்லை. படுக்கைகள் சொற்பம், முன்கூட்டிப் பதியாவிட்டால் உட்கார்ந்தே போகவேண்டும். ஹபரணைப் பக்கம் யானைகளுக்காக வேகத்தைக் குறைக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் அங்கே ரயில் மோதி ஆறு யானைகள் இறந்ததை நினைத்தால் அந்தத் தாமதத்துக்கு முணுமுணுக்க மனம் வராது. ஆனாலும் நேரம் தவறுவதுண்டு. வேறொரு முறை விமானத்தில் நான் போனது வெயில் பருவத்தில். மாரியில் எப்படி என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கட்டுநாயக்கவில் வெளிநாட்டு விமானம் ஏறுபவருக்கு மட்டும் கணக்குத் தலைகீழ். அவர் கொழும்புக்குள் போகவே தேவையில்லை, சிறு விமானம் நேரே வாசலில் இறக்கிவிடுகிறது. ஆனால் வளைகுடாவிலிருந்து திரும்பும் எங்களூர்க்காரர் கொண்டுவரும் பெட்டிகளை அந்தச் சிறு விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள். அவருக்குச் சாலைவழியே வான் வண்டிதான்.