கிச்சன் மாத்தி ஏழு வருஷம்: எது நின்னுச்சு, எது பல்லிளிச்சுச்சு

புதுசா கிச்சன் பண்ணி ஒரே மாசத்துல போடுற ரிவ்யூ மேல எனக்கு நம்பிக்கையே இல்லைங்க, ஒரு மாசத்துல எல்லாமே பளபளன்னு தான் இருக்கும். எங்க வீட்ல பழைய கிச்சனை இடிச்சு மாத்தி ஏழு வருஷம் முடிஞ்சு எட்டாவது ஓடுது, அதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

அப்போ போன்ல சேத்து வச்சிருந்த படம் மட்டும் நூத்துக்கு மேல இருக்கும். பளபளக்குற மெரூன் கதவு, கைப்பிடியே இல்லாத ட்ராயர், ஓப்பன் ஷெல்ஃப், வெள்ளை டைல்ஸ், எல்லாமே வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்.

முதல்ல பல்லிளிச்சது அந்த கைப்பிடி இல்லாத டிசைன். கதவோட மேல் விளிம்புல விரல் விட ஒரு பள்ளம் குடுத்திருப்பாங்கல்ல, அதுல எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேந்து இறுகிடும், பழைய டூத் பிரஷ் வச்சு தேய்ச்சா கறுப்பா உருண்டு உருண்டு வரும். ரெண்டு ட்ராயர்ல மட்டும் அழுத்துனா திறக்குற டைப் போட்டோம், அது இன்னும் மோசம், வேலை செய்யும்போது இடுப்பு லேசா பட்டாலே பொசுக்குன்னு திறந்து தொடையில இடிக்கும். நாலாவது வருஷம் சாதா ஸ்டீல் கைப்பிடி வாங்கி ஓட்டை போட்டு மாட்டியாச்சு. "நான் அப்பவே சொன்னேன்"னாரு வீட்டுக்காரர். சொல்லவே இல்ல.

மெரூனும் சலிச்சுப் போச்சு. பளபளக்குற டார்க் கலர்ல ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும், துடைச்சா துடைச்ச கோடும் தெரியும். ஆனா இதுல ஒரு நல்லது நடந்துச்சு, கார்பெண்டர் அண்ணன் அப்பவே பிடிவாதமா கேபினெட் பெட்டி எல்லாத்தையும் 60 செ.மீ, 45 செ.மீ மாதிரி வழக்கமான அளவுல தான் செஞ்சாரு, ஹிஞ்சும் (கதவுக் கீல்) எல்லா இடத்துலயும் கிடைக்கிற 35 மி.மீ கப் ஹிஞ்ச். அதனால கதவை மட்டும் கழட்டி மேட் லேமினேட்ல வெளிர் நிறமா மாத்த ரெண்டே நாள் தான் ஆச்சு, உள்ள இருக்கற ப்ளைவுட் பெட்டியில கை வைக்கவே இல்ல. ட்ரெண்ட் ஆசை இருந்தா இந்த மாதிரி கழட்டி மாட்டுற இடத்துல வச்சுக்கங்க, பெட்டி அளவுல, கல்லுல, பைப் லைன்ல வேண்டாம்.

சிங்க் அடியில மட்டும் காசு மிச்சம் பண்ண எம்டிஎஃப் போட்டோம், மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்யற பலகை. நாங்க ஊர்ல இல்லாத பத்து நாள்ல சிங்க்குக்குக் கீழ வளைஞ்சு போற ட்ராப் பைப்லேருந்து சொட்டு சொட்டா ஒழுகி, வந்து பாத்தா பலகை ஊறிப்போய் ரெண்டு மடங்கு உப்பி நிக்குது. அது காஞ்சாலும் பழைய நிலைக்கு வராது, பிச்சு எறிய வேண்டியது தான்.

சமையல் மேடை மேல வர்ற கல்லுக்கு, அதான் கவுண்டர்டாப்புக்கு, மார்பிள் வேணும்னு தான் முதல்ல நினைச்சேன், ஆனா அதுல இருக்கறது கால்சியம் கார்பனேட், புளிப்பா எது சிந்தினாலும் பாலிஷை அரிச்சு மங்கலாக்கிடும்னு தெரிஞ்சதும் குவார்ட்ஸ்னு விக்கிற செயற்கைக் கல்லைப் போட்டோம். கறையைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. சூடு தான் ஆகாது. அதுல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல குவார்ட்ஸ் தூள் இருந்தாலும் ஒட்ட வைக்கிறது ரெசின்ங்கற பிளாஸ்டிக் மாதிரி பசை, அடுப்புலேருந்து இறக்கின பாத்திரத்தை ஒரே ஒரு தடவை நேரா வச்சேன், அந்த மஞ்சள் வட்டம் இன்னைக்கும் போகல. இன்னொண்ணும் உறுத்துது. கல்லை வாசல்ல வச்சு தண்ணி கூட ஊத்தாம கட் பண்ணாங்க, மூஞ்சில ஒரு துண்டை மட்டும் கட்டிக்கிட்டு ஒரு பையன் அந்த வெள்ளைத் தூசியில நின்னான். அந்த சிலிக்கா தூசியால வர்ற நுரையீரல் நோய்க்காகத் தான் ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1லேருந்து இந்த செயற்கைக் கல்லுக்கே தடை போட்டுட்டாங்க. இப்ப கேட்டா கிரானைட்னு தான் சொல்வேன், அதுலயும் சிலிக்கா உண்டு, ஆனா குவார்ட்ஸ் அளவுக்கு இல்ல, சூடும் தாங்கும். எதுவா இருந்தாலும் தண்ணி விட்டு கட் பண்ணச் சொல்லுங்க.

நின்னது எதுன்னு கேட்டா, படத்துல யாரும் கவனிக்காத ஐட்டம் தான். கீழ் கேபினெட்ல கதவுக்குப் பதிலா முழுசா வெளிய வர்ற ட்ராயர் போட்டது, இனி தரையில மண்டி போட்டு உள்ள தலையை விட்டு தேடற வேலையே இல்ல. அடுப்புக்குப் பின்னாடி டைல்ஸுக்கு நடுவுல இடுக்கை அடைக்கிற பூச்சுக்கு எப்பாக்ஸி க்ரவுட், இன்னும் அதே வெள்ளை, காசுக்குப் பாத்து மத்த சுவத்துல போட்ட சிமென்ட் க்ரவுட் ரெண்டாவது வருஷமே பழுப்பாயிடுச்சு. மேல் கேபினெட் அடியில எல்இடி ஸ்ட்ரிப், நம்ம நிழல் நம்ம கை மேலயே விழாம இருக்கே, அது போதும்.

நடக்குற இடத்துல மட்டும் கோட்டை விட்டுட்டோம். மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டின்னு சொல்ற ஃப்ராங்க்பர்ட் கிச்சன், 1926ல மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி டிசைன் பண்ணது, ஒருத்தர் நின்னு வேலை செய்யற கணக்குல குறுகலா இருக்கும். எங்களோடதும் அப்படித் தான் ஆயிடுச்சு. ஒருத்தருக்கு 42 இன்ச், ரெண்டு பேர்னா 48 இன்ச் இடைவெளி விடணும்பாங்க, நாங்க விட்டது 38. ஒருத்தர் ட்ராயரைத் திறந்தா இன்னொருத்தர் ஹாலுக்குப் போயிடணும்.

உயரத்துல பாதி தான் ஜெயிச்சோம். முழங்கையை மடக்கி நின்னு, அங்கிருந்து 4லேருந்து 6 இன்ச் கீழ கவுண்டர் வரணும், நான் குள்ளம், அதனால வழக்கமான 36ஐ விட்டுட்டு 34 வச்சோம், நறுக்கறப்போ தோள் வலியே இல்ல. ஆனா ஆசைப்பட்டு 10 இன்ச் ஆழ சிங்க் வாங்கிட்டேன், அடிப்பகுதி தரையிலேருந்து சுமார் 24 இன்ச்ல நிக்குது, எனக்கே குனியணும், வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்கறப்போ பாதியா மடிஞ்சு நிப்பாரு. கல்லுக்கு அடியில ஒட்டுன சிங்க் வேற, மேலாகத் தூக்கி எடுக்க முடியாது. இதே அகலத்துல 7 இன்ச் ஆழத்துல ஒண்ணு கிடைக்குமான்னு கல்லுல சிங்க்குக்கு வெட்டின ஓட்டையோட அளவை எடுத்து போன்லயே வச்சுக்கிட்டு திரியறேன், கடைக்குப் போறப்போ எல்லாம் டேப்போட தான் போறேன்.