பழைய கார் சீட் வாங்கறவங்க உஷார்! 6,500 ரூபா போச்சு

வயிறு எரியுதுங்க. பழைய சாமான் விக்கிற ஆப் ஒண்ணுல பாப்பாவுக்கு கார் சீட் வாங்கி 6,500 ரூபா ஏமாந்து நிக்கறேன். பேர் போடல, எல்லார் போன்லயும் இருக்கிற மாதிரி ஆப்தான்.

தர்மபுரியிலிருந்து சேலத்துல எங்கம்மா வீட்டுக்குப் போகணும்னா தொப்பூர் கணவாய் இறங்கித்தான் ஆகணும். அங்க பிரேக் பிடிக்காத லாரி என்ன பண்ணும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு வயசுகூட ஆகாத புள்ளையை மடியில வெச்சுட்டுப் போக மனசு வரல. புது சீட் விலை கட்டுப்படியாகல.

ஓசூர்க்கார அம்மா ஒருத்தங்க கிருஷ்ணகிரி வரைக்கும் அவங்களே கொண்டு வந்தாங்க. "என் பேரன் உட்கார்ந்ததும்மா, பூ மாதிரி வெச்சிருந்தோம்"னு பாப்பா கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினாங்க. கிலுகிலுப்பை ஒண்ணு சும்மாவே கொடுத்தாங்க. வண்டி எங்கயாவது மோதுச்சாம்மான்னு நேராவே கேட்டேன். "சாமி சத்தியமா இல்லம்மா." அங்கயே நின்னு 6,500 யூபிஐல போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து துவைக்கலாம்னு துணியை உருவினா, முதுகுப்பக்க பிளாஸ்டிக்ல விரல் நீளத்துக்கு விரிசல். மேல பசை காய்ஞ்சு மஞ்சளா நிக்குது. உள்ள தெர்மாகோல் ரெண்டா ஒடஞ்சிருக்கு. தர முத்திரை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம் மட்டும் இருக்கு.

போன் போட்டா "நீங்க கீழ போட்டிருப்பீங்க"ங்கறாங்க! அப்புறம் "மருமகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்". அப்புறம் எடுக்கறதே இல்ல. ஆப்ல புகார் கொடுத்தா "பணம் எங்க வழியா வரல, நீங்களே பேசித் தீர்த்துக்கங்க"ன்னு ஒரு மெசேஜ், கூடவே எத்தனை ஸ்டார்னு கேட்கறான். 6,500 ரூபாங்க, எங்க வீட்டு வாடகை அது.

சரி, வாங்கறவங்களுக்கு அவசரமா நாலு வார்த்தை. பலமா மோதின கார்ல இருந்த சீட்டு, வெளிய ஒண்ணும் தெரியலன்னாலும் வேண்டாம். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி துணியை உருவிப் பாருங்க. ஆர்44/04 அல்லது ஆர்129னு (ரெண்டும் குழந்தை சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி நம்பர்) போட்ட ஸ்டிக்கரோ, நம்ம நாட்டுத் தர விதியான ஏஐஎஸ்-072 முத்திரையோ இல்லாததைத் தொடாதீங்க. ஆர்129 கணக்குப்படி 15 மாசம் வரைக்கும் குழந்தை பின்பக்கம் பார்த்துதான் உட்காரணும். அப்படி வெச்ச சீட்டை ஏர்பேக் ஆன்ல இருக்கிற முன் சீட்ல வைக்கவே கூடாது. பெல்ட் தோள்ல இறுக்கமா இருக்கணும், விரலால கிள்ளினா மடிப்பு வரக்கூடாது.

மிச்சத்தை அப்புறம் எழுதறேன். வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து அந்தம்மாவுக்கு இன்னொரு தடவை அடிக்கப் போறேன்.